சாய்ச்சு வெச்ச கல்லு

ஏழுபாறைக்குத்தான் போகுது, ஏறி உக்காரு கண்ணு. அந்தப் பையை இப்படிக் குடு, மடியில வெச்சுக்கறேன். கண்டக்டரு சீட்டுக் குடுக்க வருவான், அதுவரைக்கும் கம்பியப் புடிச்சுக்க. இந்த டிரைவரு பள்ளம் மேடெல்லாம் பாக்க மாட்டான்.

கல்லடுக்கப் போறயாக்கும்? எப்படித் தெரியும்ன்னா கேக்கற? அம்மாவாசையன்னைக்கு இந்த பஸ்ஸுல ஏறுறது ரெண்டே சாதி. ஒண்ணு மீனுக்குப் பொரி போடற சாதி, இன்னொண்ணு சொந்த ஊட்டுக்குக் கல்லடுக்கற சாதி. உன்ற கையில பொரிப் பையக் காணோம். என்ற கையில இருக்குது, பாரு. அதுவுமில்லாம புதுத்தாலி, மஞ்சக்கயிறு வாடவே இல்லை. வாடகை ஊட்டுக்குக் குடி போயி ஒரு மாசம் இருக்குமா? ரெண்டா? ரெண்டு மாசத்துலயே கல்லடுக்கக் கெளம்பிட்டீன்னா உங்க ஊட்டுக்காரம்மா லேசுப்பட்ட ஆளா இருக்க மாட்டா.

மொத தடவையா? அப்பச் சொல்றேன், கேட்டுக்க. பஸ்ஸ விட்டு எறங்குனதும் நேராப் பாறைக்குப் போயிராதே. கன்னிமாருக்கு ஒரு சூடத்தைப் பத்த வெச்சுட்டு அப்பறம் போ. ஆறு அந்த எடத்துல சத்தமே போடாது. தண்ணி பாட்டுக்கு நின்னாப்பல இருக்கும், ஆனாப் போயிக்கிட்டே இருக்கும். பாறை பூராக் கல்லு. மூணு கல்லு, அஞ்சு கல்லு, ஏழு கல்லுன்னு அடுக்கி அடுக்கி, கால் வெக்க எடமிருக்காது. எத்தனை கல்லோ அத்தனை மாடி. போன வருசம் ஒருத்தன் ஒம்பது மாடி அடுக்கி, உச்சியில ஒரு உருண்டைக் கல்லை வேற வெச்சான். அதென்னடா தம்பின்னேன். தண்ணி டேங்குங்கிறான்! ஓட்டு ஊட்டுக்கே வழியில்லாதவன், டேங்கு வெக்கறான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனம். மத்தவங்க அடுக்குனதுல கால் படக்கூடாது, கை படக்கூடாது. பட்டுச்சுன்னா அவிய ஊட்டை நாம இடிச்ச பாவம். இது ஏழுபாறையில சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஆடு மேய்க்கறவங்ககூட அந்தப் பக்கம் ஆட்டை உட மாட்டாங்க.

எனக்கா? எனக்கெதுக்குக் கண்ணு ஊடு. எட்டு இருக்குது. கோபியில, சந்தைக்குப் பின்னால, லைன் ஊடு எட்டு. எங்கூட்டுக்காரரு இருக்கறப்பக் கட்டுனது. முன்னால என்ற ஊடு, பின்னால வரிசையா எட்டுக் கதவு. அவரு போயிப் பதிமூணு வருசமாச்சு. மகன் ஓசூருல. நான் ஒருத்தியா எட்டுக் குடித்தனத்தையும் கட்டி மேய்க்கறேன்.

நான் ஒண்ணும் கெடுபிடியான ஆளு கெடையாது. யாரை வேணும்ன்னாலும் கேட்டுப் பாரு. காலையில அரை மணி நேரம் மோட்டாரு போடுவேன், புடிச்சு வெச்சுக்கறவங்க வெச்சுக்கோணும். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கருவாடு வறுக்கக் கூடாது. ஒம்பது மணிக்கு கேட்டைப் பூட்டுவேன். கொடியில அவங்கவங்க கயித்துலதான் துணி போடோணும். விருந்தாளி வந்தா காப்பித் தண்ணி குடிச்சுட்டுக் கெளம்பிரோணும், பாய் விரிக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுக்கு மேல நான் வாயே தொறக்க மாட்டேன்.

மூணாம் நம்பர் ஊட்டுல கோகிலா இருந்தா. கோகிலவாணின்னு பேரு. புருசன் தங்கராசு, தறி மெக்கானிக்கு. அவ ஊட்டுலயே மிசினு போட்டு ஜாக்கெட் தெப்பா. ஒம்பது வருசம் இருந்தாங்க. புள்ளை இல்லை. வந்த மறுநாளே காத்தால அவ வாசலுக்குச் சாணி தெளிச்சுப்போட்டு, அப்படியே என்ற வாசலுக்கும் சேத்துத் தெளிச்சா. நான் கேக்கலே, சொல்லலே. ஒம்பது வருசம் ஒரு நாள் தவறலே. காய்ச்சல்ன்னா தங்கராசு வந்து தெளிப்பான், பாவம், ஆம்பளை தெளிச்சா எப்படி இருக்கும், ஒரு பக்கம் குட்டையாட்டம் நிக்கும், ஒரு பக்கம் காஞ்சு கெடக்கும். என்ற மகன் மாசத்துக்கு ஒருக்காப் போன் பண்ணுவான். கோகிலா நாளைக்கு நாலு தடவை 'பெரியம்மா'ன்னு எட்டிப் பாப்பா. மூட்டு வலிக்குத் தைலம் தேச்சு உடுவா. எனக்கு அவ இல்லாம ஆகாதுன்னு வெச்சுக்கயேன். நான் அதை வாய் உட்டுச் சொன்னதில்லை. குடியிருக்கறவங்ககிட்ட அதெல்லாம் சொல்லக்கூடாது, தலையில ஏறிக்குவாங்க.

அவங்கப்பா ஒருத்தரு இருந்தாரு. ஆறுமுகக் கவுண்டருங்க. நம்பியூர்ப் பக்கம் ஒரு தோட்டங்காட்டுல தனியா இருந்தாரு, பொஞ்சாதி செத்துப் போச்சு. நெம்பக் கூச்ச சுபாவம். மாசத்துக்கு ஒருக்கா சைக்கிள்ல வருவாரு, கடலைக்காயோ அவரைக்காயோ ஒரு பை நெறையாக் கொண்டாந்து, கேட்டுக்கு வெளியவே நின்னு மககிட்டக் குடுத்துட்டு, அங்கயே நின்னு பேசிட்டுப் போயிருவாரு. கேட்டைத் தாண்டி ஒரு அடி வெக்க மாட்டாரு. அப்பேர்ப்பட்ட கூச்சம். மொத வருசம் ஒருக்கா பெட்டி படுக்கையோட வந்தாரு. நான் வாசல் கூட்டிக்கிட்டிருந்தேன். பொதுவாத்தான் சொன்னேன், அவரைப் பாத்துக்கூடச் சொல்லலே, வெளக்கமாத்தைப் பாத்துச் சொன்னேன், 'இது என்ன சத்திரமா'ன்னு. அடுத்த பஸ்ஸுக்கே போயிட்டாரு. எனக்கே சிரிப்பா வந்துச்சு. அதுக்கப்பறம் கேட்டோட சரி.

போன மாசியில அவருக்கு எடது பக்கம் இழுத்துக்கிச்சு. ஆசுபத்திரியில வெச்சுப் பாத்து, சக்கர நாற்காலியில உக்கார வெச்சு அனுப்பிச்சாங்க. பக்கத்துக் காட்டுக்காரம்மா ஒருத்தி சோறு குடுத்துக்கிட்டிருந்தா. கோகிலா எங்கிட்ட வந்து நின்னா. 'பெரியம்மா, அப்பாவை இங்க கூட்டிக்கிட்டு வந்துக்கட்டுங்களா'ன்னா.

நான் என்ன சொல்வேன்? நீயே சொல்லு. எட்டுக்குப் பன்னெண்டு ரூமு, அதுல ஒரு மிசினு, ஒரு கட்டில். வாசல்ல மூணு படி, நாற்காலி எப்படி ஏறும்? எல்லாத்துக்கும் மேல, வயசானவரு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னு வெய்யி, வாடகை ஊட்டுல பொணம் உழுந்தா அப்பறம் எவன் குடி வருவான்? மத்த ஏழு குடித்தனத்தையும் நான் பாக்கோணும்ல? ஊருல எல்லா ஊட்டுக்காரங்களும் இதைத்தான் சொல்லுவாங்க. நானாச்சு, பக்குவமாச் சொன்னேன். 'வேண்டாம் சாமி, அவருக்கும் சிரமம், உனக்கும் சிரமம்'ன்னேன்.

'சரிங்க பெரியம்மா'ன்னா. அவ்வளவுதான். மூஞ்சி சுளிக்கலே. மறுநாள் காத்தால என்ற வாசலுக்கும் தெளிச்சா.

பங்குனி அம்மாவாசைக்கு நான் வழக்கம்போலப் பொரியோட ஏழுபாறைக்குப் போனேன். மீனுங்களுக்குப் போட்டுட்டுத் திரும்பறேன், பாறையோரமா ஒரு அடுக்கு. உச்சிக் கல்லுல நீலக் கலரு ஓவர்லாக் நூலு சுத்தியிருக்குது. அந்த நீலம் எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளா என்ற வாசல்ல அந்த நூலுதானே பறந்துக்கிட்டிருந்துச்சு. பள்ளிக்கூட யூனிபாரம் தெச்சுக்கிட்டிருந்தா. தங்கராசுக்கு மத்தியான சிப்டுங்கறதால காத்தாலயே வண்டியில வந்து அடுக்கிட்டுப் போயிருக்காங்க ரெண்டு பேரும்.

போகப் பாக்கறாளே! ஒம்பது வருசம் வெச்சிருந்தேனே, என்ன கொறை வெச்சேன்? வாடகை ஏத்துனனா? ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் ஏத்துவேன். ஒரு வார்த்தை சொல்லாமக் கல்லடுக்கியிருக்கறாளே!

அந்த அடுக்கும் ஒரு அடுக்கா? ஊரு ஒலகத்துல எல்லாரும் அஞ்சு மாடி ஏழு மாடி அடுக்கறாங்க. இவ அகலமா மூணு கல்லை நிறுத்தி, மேல ஒரு பலகைக் கல்லைப் போட்டு, அதுக்கு மேல நூலு சுத்துன குட்டிக் கல்லு. முடிஞ்சுது. மாடியே இல்லை. முன்னால ஒரு தட்டைக் கல்லைச் சாய்ச்சு வெச்சிருக்கறா. அது எதுக்குன்னு எனக்கு வெளங்கலே. அடுக்கத் தெரியலே புள்ளைக்குன்னு நெனச்சேன்.

இப்பச் சொல்றதை நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் அந்த அடுக்கைத் தள்ளலே. கன்னிமாரு மேல ஆணை, தள்ளலே. அடுத்தவங்க ஊட்டை இடிக்கறவளா நான்? அந்தச் சாஞ்சிருந்த கல்லு இருக்குதே, அதை மட்டும் எடுத்து ரெண்டு எட்டு தள்ளி வெச்சேன். அது அடுக்குலயே சேராத கல்லு. அதை எடுத்தா ஊடு உளுகாது. உளுகாததால பாவமும் இல்லை. ஆனா வெச்சது வெச்சபடி இல்லாததால வேண்டுதல் கொறையாப் போயிரும், கன்னிமாரு கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. எப்படி? எனக்கே என்ற புத்தியப் பாத்து ஆச்சரியமா இருந்துச்சு.

சித்திரையில போய்ப் பாக்கறேன், மறுபடியும் சாய்ச்சு வெச்சிருக்கறா. எடுத்தேன். வைகாசியிலயும் வெச்சா, எடுத்தேன். ஆனி, ஆடி, அதே கதைதான். ஊட்டுக்கு வந்து 'பெரியம்மா, யாரோ எங்க கல்லை எடுத்துப் போடறாங்க'ன்னு எங்கிட்டயே சொல்லி வெசனப்பட்டா. 'நாயா இருக்கும் சாமி, கவலைப்படாதே'ன்னேன். தைலம் தேச்சுக்கிட்டிருந்தா அப்ப.

ஆவணி அம்மாவாசையன்னைக்குத்தான் மாட்டுனேன். தங்கராசு வேலை செய்யற எடத்துல என்னமோ கரண்டு கோளாறு, தறி ஓடலே, ரெண்டு பேரும் லேட்டாக் கெளம்பி வந்திருக்காங்க. எனக்கெப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு, போன மாசம் தள்ளி வெச்ச எடத்துலயே கெடந்த கல்லை இன்னும் தூரமாப் போட்டுரலாம்ன்னு குனிஞ்சு தூக்கிக்கிட்டு நிமுறறேன், எதுக்கால கோகிலா நிக்கறா. என்ற கையில கல்லு. இடுப்புல பொரிப்பை. ஓடவா முடியும்? என்ற மூட்டு இருக்கற லட்சணத்துக்கு!

'பெரியம்மா!'ங்கறா. 'உளுந்து கெடந்துச்சு சாமி, எடுத்து வெக்கலாம்ன்னு'ன்னு வாயில வந்ததைச் சொன்னேன்.

அவ அழுதுட்டா கண்ணு. 'நீங்களா பெரியம்மா, நீங்களா வந்து எங்களுக்கு எடுத்து வெக்கறீங்க'ன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டா. தங்கராசு வேற செருப்பக் கழட்டிப்போட்டு நிக்கறான். எனக்கு அந்தப் பாறை பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. 'இது எதுக்கு சாமி, அடுக்கோட சேராம'ன்னு ஒப்புக்குக் கேட்டேன்.

'அது அப்பா ஏறுறதுக்குங்க'ன்னா. 'படி வேண்டாம்ன்னு கன்னிமாருக்குச் சொல்றதுக்கு. மாடியெல்லாம் வேண்டாம் பெரியம்மா. ஒரே ஒரு ரூமு, நாற்காலிய உருட்டிக்கிட்டு நேரா உள்ள போயிரோணும். அது போதும்.'

அப்பறம் அவ சொன்னா பாரு ஒண்ணு. 'நீங்களே வெய்யுங்க பெரியம்மா. எட்டு ஊடு கட்டி ஆண்ட கை, ராசியான கை.'

வெச்சேன். அவ போறதுக்கு நானே என்ற கையால வழி சாய்ச்சு வெச்சேன். நல்லா நிக்குதான்னு ஆட்டிப் பாத்து வேற வெச்சேன்.

இந்தக் கையி இருக்குதே, இதை வெட்டிப்போட்டாத்தான் என்ன? இருவது நாளுதான். புரட்டாசி பொறக்குது, தங்கராசு வந்து நிக்கறான். 'அம்மா, பச்சமலைப் பக்கம் ஒரு ஊடு கெடச்சிருக்குதுங்க. வாடகைதான், சொந்தமில்லைங்க. தரையோட தரையா இருக்குது, மாமாவையும் கூட்டிக்கிட்டு வந்துக்கச் சொல்லிட்டாங்க. ஐப்பசியில மாறிக்கறோமுங்க'ன்னான்.

பத்து நாளு நான் அவகிட்டப் பேசலே. எட்டிப் பாத்து 'பெரியம்மா'ன்னா, நான் டிவியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அது ஓடாது, சும்மா பாத்துக்கிட்டிருப்பேன். அவ பாட்டுக்கு வாசல் தெளிப்பா.

பதினோராம் நாளு கொத்தனாரைக் கூப்புட்டு மூணாம் நம்பர் வாசப்படி மூணையும் ஒடைக்கச் சொன்னேன். அவளுக்காகன்னு நெனச்சுக்காதே. அந்தப் படி எப்பவோ வெடிச்சுப் போயிக் கெடந்துச்சு, எப்படியும் செய்யற வேலைதான். கொத்தனாரு 'மறுபடி படியே வெச்சுரட்டுங்களா'ன்னான். 'சாய்வாப் போட்டுரு'ன்னேன். 'சைக்கிளு ஏத்தறதுக்குங்களா'ன்னான். 'ஆமா, உங்கப்பன் சைக்கிளு ஏத்தறதுக்கு, வேலையப் பாருடா'ன்னேன்.

கோகிலா கடைக்குப் போயிட்டு வந்து பாத்தா. ஈரச் சிமிட்டிய ஒரு வெரலால தொட்டுப் பாத்தா. நான் சன்னல்லருந்து பாத்துக்கிட்டிருக்கறேன். இப்ப வருவா, 'நாங்க போகலே பெரியம்மா'ம்பா, இப்ப வருவான்னு. வந்தா. 'அவங்க ஐப்பசி வரைக்கும் எங்களுக்குன்னு யாருக்கும் உடாம வெச்சிருக்காங்க பெரியம்மா. வாக்குக் குடுத்தாச்சு'ன்னா. அவ தப்பா? நான் கொத்தனாரைக் கூப்புட வேண்டியது மாசியில.

அப்பறம் ஒரு வாரம் அந்தச் சாய்வுக்குக் காத்தாலயும் பொழுதோடயும் தண்ணி ஊத்துனது ஆருங்கற? அவதான். போற ஊட்டுக்கு மூட்டை கட்டிக்கிட்டே, இருக்கற ஊட்டுச் சிமிட்டிக்குத் தண்ணி ஊத்தறா. 'வெடிச்சுரக் கூடாது பெரியம்மா, ஈரச்சாக்கு போட்டு வையுங்க'ன்னு எனக்குச் சொல்லிக் குடுக்கறா.

மாறுற அன்னைக்கு ஒரு டெம்போ வந்துச்சு. அவங்கப்பாவை ஊருல இருந்து அதுலயே ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. மிசினு, கட்டிலு, குண்டா எல்லாம் ஏத்தியாச்சு. அவரு முன்சீட்டுல உக்காந்திருக்காரு. எளச்சுத் துரும்பாப் போயிட்டாரு. கோகிலா தங்கராசுகிட்ட என்னமோ சொன்னா. ரெண்டு பேருமாச் சேந்து அவரை எறக்கி நாற்காலியில உக்கார வெச்சாங்க.

தள்ளிக்கிட்டு வந்தாங்க. கேட்டுக்கிட்ட வந்ததும் அவரு சக்கரத்தைப் புடிச்சு நிறுத்திட்டாரு. நல்லா இருக்கற கையால. அங்கிருந்தே என்னையப் பாத்தாரு. பேச்சு கொஞ்சம் கொழறுது. ஆனாத் தெளிவாத்தான் கேட்டாரு. 'உள்ள வரலாமுங்களா?'

அந்த மனுசனுக்குக் கூச்சமெல்லாம் இல்லை கண்ணு. ஒம்பது வருசமா நான் 'வாங்க'ன்னு சொல்றதுக்காக நின்னிருக்காரு.

'வாங்க'ன்னேன்.

சாய்வுல நாற்காலி ஏறுச்சு. வழுக்காம, குலுங்காம ஏறுச்சு. உள்ள ஒண்ணுமில்லை, வெறும் ரூமு. நாலு செவுரு. அவரு அந்த வெறும் ரூமைச் சுத்திப் பாக்கறாரு. 'மிசினு எங்க சாமி போட்டிருந்தெ?'ன்னாரு. 'இங்கீங்கப்பா, சன்னலோரமா'ன்னு அவ காட்டறா. 'அடுப்பு?' 'இந்த மூலையில.' 'எங்க படுப்பீங்க?' 'மாப்பிள்ளை கட்டில்ல, நான் இங்க தரையில.' ஒண்ணொண்ணாக் கேக்கறாரு. அவ ஒண்ணொண்ணா, இல்லாத சாமானத்தைக் காட்டறா. புள்ளை ஒம்பது வருசம் குடியிருந்த ஊட்டை அவரு அது காலியானப்பறந்தான் பாக்கறாரு.

திரும்பி வரப்ப எங்கிட்ட நிறுத்தச் சொன்னாரு. ஒரு கைதானே வரும், அந்த ஒரு கையத் தூக்கி என்னையக் கும்புட்டாரு. 'என்ற புள்ளைய நல்லா வெச்சிருந்தீங்க'ன்னாரு. கேலியாச் சொல்லலே கண்ணு, மனசாரச் சொன்னாரு. நான் ரெண்டு கையையும் சேத்துக் கும்புட்டேன். அதுக்கு முன்னால குடியிருக்கறவங்களை நான் கும்புட்டதே கெடையாது.

இப்ப என்ற வாசலை நானே தெளிச்சுக்கறேன். மூணாம் நம்பரு காலியாத்தான் கெடக்குது. கேட்டுக்கிட்டு ஆளு வருது, எனக்குத்தான் மனசு வரலே.

சரி, எறங்கற எடம் வந்துருச்சு, பையப் புடி. நானும் உங்கூடப் பாறைக்கு வாரேன். இன்னைக்குப் பொரி அப்பறந்தான், மொதல்ல நானே ஒண்ணு அடுக்கோணும். சித்தெ குனிஞ்சு கல்லு பொறுக்கிக் குடு, என்னால முடியாது. எனக்கில்லை, கோகிலாவுக்கு. ஒரே ரூமு, படி இல்லாம, சொந்தமா. இப்ப இருக்கறது நல்ல ஊடுதான், ஆனா என்ன இருந்தாலும் வாடகை ஊடு பாரு. அந்தப் பெரிய மனுசனுக்கு ஒடம்பு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, 'வேண்டாம் சாமி, உனக்கும் சிரமம்'ன்னு பக்குவமாச் சொல்லிப்போடுவாங்க. ஊட்டுக்காரங்களை நம்பி எத்தனை நாளைக்குக் கண்ணு இருக்க முடியும்?